ஆனதோத்தின் நிலப்பத்திரம்

வேதபாடம்: எரேமியா 32ஆம் அதிகாரம்



நம் சபைகளில் புத்தாண்டு ஆராதனை முடிந்தவுடன் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் உண்டு. அந்த அட்டை வேதாகமத்துக்குள் வைக்கப்படுகிறது, அல்லது வீட்டு நிலைப்படிக்கு மேல் ஒட்டப்படுகிறது. டிசம்பர் மாதம் வரும்போது, "இந்த வருஷத்து வாக்குத்தத்தம் நிறைவேறினதா?" என்று கேட்டுப் பார்க்கிறோம். இவ்வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. நோயாளிகளில் பலர் அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் வார்டுகளுக்கு வருகிறார்கள். அதைக் கையில் பிடித்தபடியே ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வாக்குத்தத்தங்களை எண்ணிப் பழகிவிட்டால், வேதத்தில் உள்ள பெரிய வாக்குத்தத்தங்களில் அநேகம் நம் கண்ணுக்குத் தப்பிப்போகும். அவை ஒரு வருஷத்தில் முடிகிறவை அல்ல. ஒரு மனிதனின் ஆயுசிலும் முடிகிறவை அல்ல. கேட்டவர் ஒருவர், கண்டவர் வேறொருவர். இடையில் இரண்டு மூன்று தலைமுறைகள் கல்லறைக்குப் போயிருக்கும்.

இத்தகைய வாக்குத்தத்தம் ஒன்று, ஒரு சாதாரண நிலப்பத்திரத்தோடு கட்டப்பட்டிருப்பதை எரேமியா 32ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

முதலில் காலத்தைக் கவனிப்போம். யூதாவின் கடைசி ராஜாவான சிதேக்கியாவின் பத்தாம் வருஷம் அது. நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 587 என்று சொல்லலாம். நகரத்துக்கு மிஞ்சியிருப்பது சில மாதங்களே. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளொன்றுக்கு ஒரு அப்பம் அவருக்குக் கொடுக்கப்பட்டு வந்தது (எரே. 37:21). நகரம் விழும் என்று சொன்னதற்காகவே அவரை ராஜா அடைத்து வைத்திருந்தான்.

அப்போது பெரியப்பா மகன் அனாமெயேல் வருகிறான். ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்கே உண்டு என்கிறான். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி, ஒருவன் வறுமைப்பட்டுத் தன் காணியாட்சியை விற்க நேர்ந்தால், நெருங்கிய இனத்தான் அதை மீட்டுக்கொள்ள வேண்டும். நிலம் குடும்பத்தைவிட்டுப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். அனாமெயேல் சட்டப்படி பேசினான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வந்த நேரத்தைப் பாருங்கள்! எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது ஆனதோத். நகரத்தைச் சூழ்ந்திருக்கும் கல்தேயரின் சேனை அந்த வயலில் கூடாரம் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. விற்கிறவன் கெட்டிக்காரன், வாங்குகிறவர் ஏமாளி என்றே உலகம் சொல்லும். நம் ஊர் நிலத் தரகர் ஒருவர்கூட அந்தச் சொத்தைத் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்.

எரேமியா வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். ஆகவே 200 கிராமுக்கும் குறைவான வெள்ளி. மக்பேலா நிலத்துக்கு ஆபிரகாம் 400 சேக்கல் நிறுத்துக் கொடுத்ததை ஆதியாகமம் 23இல் படிக்கிறோம். அதோடு ஒப்பிட்டால் இது அற்பத் தொகை. ஆனால் நாளுக்கு ஒரு அப்பத்தில் வாழுகிற கைதிக்கு அது அற்பமா?

கிரயம் நடந்த விதத்தை எரேமியா படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார். பத்திரம் எழுதப்பட்டது, முத்திரை போடப்பட்டது, சாட்சிகள் கையெழுத்திட்டார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்பட்டது. பத்திரம் இரண்டு படிகளாக இருந்தது. ஒன்று முத்திரையிட்டது, மற்றொன்று திறந்தது. சந்தேகம் வந்தால் திறந்த படியைப் பார்க்கலாம். அதையும் ஒருவன் திருத்திவிட்டான் என்று வழக்கு வந்தால், நியாயாதிபதி முன்பாக முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒத்துப் பார்க்கலாம். இந்த வழக்கம் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் யூதர்களிடையே இருந்தது. 1961ஆம் ஆண்டில் சவக்கடலுக்கு மேற்கேயுள்ள ஒரு குகையில் பாபத்தா என்ற யூதப் பெண்ணின் பத்திரக் கட்டு கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கட்டிலும் ஒரே பத்திரத்தை உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை எழுதி, உட்பகுதியைச் சுருட்டிக் கட்டின ஆவணங்கள் இருந்தன. நம் வீடுகளில் தாய்ப்பத்திரத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி வைக்கிறோமே, அந்தக் கவலை எல்லாத் தேசத்தாருக்கும் உண்டு.

பின்பு எரேமியா பாருக்கிடம், இரண்டு படிகளையும் மண்பாண்டத்தில் வைத்துவிடு, அநேக நாள் இருக்கட்டும் என்கிறார். சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த வேதச் சுருள்களில் சில, மண் ஜாடிகளுக்குள் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கெடாமல் இருந்தன. மண்பாண்டம் லேசான பொருள்தான். ஆனால் எழுத்தைக் காக்கும் சக்தி அதற்கு உண்டு. சிதேக்கியாவின் அரண்மனையைக் காட்டிலும் அந்தப் பானையே அதிக நாள் நிலைக்கும் என்று எரேமியா எண்ணியிருக்க வேண்டும்.

பிரியமானவர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். நிலம் வாங்குவது யாருக்காக? "நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஆகும்" என்பதுதான் எல்லாரும் சொல்லும் பதில். ஆனால் எரேமியாவுக்குப் பிள்ளை இல்லை. விவாகம் பண்ண வேண்டாம், இந்த ஸ்தலத்தில் உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் இருக்கவும் வேண்டாம் என்று கர்த்தர் அவரைத் தடுத்திருந்தார் (எரே. 16:2). சுதந்தரவாளி இல்லாத மனிதர் பிதுரார்ஜித நிலத்தை மீட்கிறார்! பாருக் கட்டி வைத்த அந்தப் பத்திரத்தின் பலனை அனுபவிக்க எரேமியாவின் வம்சத்தில் ஒருவரும் பிறக்கப்போவதில்லை. இருந்தும் சாட்சிகளைக் கூப்பிட்டு, தராசை வைத்து, நியமத்தின்படி எல்லாவற்றையும் செய்கிறார். கர்த்தருடைய உடன்படிக்கை என் சந்ததியோடு முடிகிறதல்ல என்று அவர் அறிந்திருந்தார்.

பங்காளர்கள் எழுதும் கடிதங்களில் அண்மைக் காலமாக ஒரு துக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊழியத்துக்குக் கொடுத்து வந்தோம். பிள்ளைகள் தூர தேசங்களில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆலயமும் தெரியாது, தமிழ் வேதாகமமும் வாசிக்கத் தெரியாது. எங்களோடு எல்லாம் முடிந்துபோகுமோ?" என்ற பொருளில் எழுதுகிறார்கள். அவர்களுக்கு லேசாக ஒரு பதில் எழுத எங்களால் முடிவதில்லை. பிள்ளைகளுக்காக ஜெபித்துக்கொண்டே இருங்கள் என்றுதான் எழுதுகிறோம். அத்துடன் ஆனதோத்தின் நிலத்தையும் நினைப்பூட்டுகிறோம். வாரிசு இல்லாதவருடைய கையில்தான் கர்த்தர் அந்தப் பத்திரத்தைக் கொடுத்தார். நம் நாட்டு மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு மருத்துவ ஊழியராகக் கப்பலேறிய டாக்டர் ஜான் ஸ்கடரின் பேத்தி டாக்டர் ஐடா ஸ்கடர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். வேலூரில் 1900இல் வைத்தியப்பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் ஏற்படுத்தினார். அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. ஸ்கடர் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாத்தா, மகன், பேத்தி என்று வம்சத்தை எண்ணுவதில் மகிழ்கிறார்கள். அதன் பின் அந்தப் பணியைச் சுமந்தவர்கள் அவர் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர் என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்க்கிறோம்.

இனி எரேமியாவின் ஜெபத்துக்கு வருவோம். பத்திரத்தைப் பாருக்கிடம் கொடுக்கும்வரை தீர்க்கதரிசியின் வாயில் ஒரு கேள்வியும் இல்லை. கொடுத்து முடித்தபின்தான் கலக்கம் வெளிவருகிறது (32:16-25). கோட்டைமேடுகள் மதில் வரைக்கும் வந்துவிட்டன, பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் நகரத்தைப் பிடித்துவிட்டன. இதையெல்லாம் அறிந்த நீரே நிலத்தை வாங்கு என்கிறீரே என்று முறையிடுகிறார். முதலில் கீழ்ப்படிந்தார், பிறகு கேட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அந்த ஜெபத்தின் 18ஆம் வசனம் சற்றுக் கடினமானது. ஆயிரமாயிரம் பேருக்குக் கிருபை செய்கிறவர் என்றும், பிதாக்களின் அக்கிரமத்தை அவர்கள் பிள்ளைகளின் மடியில் சரிக்கட்டுகிறவர் என்றும் எரேமியா கர்த்தரை அழைக்கிறார். சீனாய் மலையில் மோசே கேட்ட அதே வார்த்தைகளின் எதிரொலி இது (யாத். 20:5-6, 34:6-7). கிருபை தலைமுறைகளுக்குச் செல்லுமானால் தண்டனையும் செல்லுமோ? மருத்துவமனையில் ஊழியஞ்செய்கிறவர்களுக்கு இது புத்தகக் கேள்வி அல்ல. கட்டில் ஓரத்தில் கேட்கப்படுகிற கேள்வி.

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். அது ஒரு கிருமியால் வருகிறது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். அது பரம்பரை நோய் அல்ல. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தபின், மாதக்கணக்கில் மருந்து உட்கொண்டு முற்றிலும் குணமடைய வழி உண்டாயிற்று. ஆனாலும் நோயாளியின் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது, "மூன்றாம் நான்காம் தலைமுறைவரை" என்ற வசனத்தை எடுத்துப் பேசுகிற விசுவாசிகள் இருந்தார்கள். 1898இல் வந்த தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோரும் பிரிவுகள் 2019இல் நீக்கப்பட்டன. கிருமி கண்டுபிடிக்கப்பட்டு 146 வருஷங்கள் கழித்து! நாட்டின் சட்டம் திருந்தின பிறகும் சபையார் சிலருடைய வாய் திருந்தவில்லை என்பது எங்கள் வருத்தம்.

தலசீமியா போன்ற நோய்கள் உண்மையாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. தகப்பன், தாய் இருவரிடமும் அந்தக் குறைபாடுள்ள மரபணு ஒவ்வொன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு அந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தப் பெற்றோர் சுகமாகவே இருப்பார்கள், தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருப்பார்கள். பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வரும்போது, "எங்கள் முன்னோர் என்ன பாவம் செய்தார்களோ" என்று தாய்மார் அழுகிறார்கள். மரபணு வருவது வேறு. குற்றம் வருவது வேறு. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் தீர்த்துச் சொல்லிவிட்டார் (யோவான் 9:1-3).

அப்படியானால் சீனாய் வசனத்தை எப்படிப் புரிந்துகொள்வது? மூன்று நான்கு தலைமுறை என்பது அக்காலத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பம். தாத்தா முதல் கொள்ளுப்பேரன் வரை ஒரே அடுப்பில் சமைத்து உண்ட வீடு அது. மூத்தவன் விக்கிரகத்தின் பின்னே போனால் அந்த வீடு முழுவதும் அவனோடு போகும். குடிகாரனுடைய கடனைக் குழந்தைகள் சுமப்பதை இன்றும் பார்க்கிறோம். தகப்பனின் கல்லீரலுக்குச் சிகிச்சை செய்ய நிலத்தை அடமானம் வைத்துவிட்டு, படிப்பை நிறுத்தின பையன்கள் எங்கள் வராந்தாக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். விளைவு பிள்ளைகளைத் தொடுகிறது. ஆனால் அதற்கு எல்லை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவன் தன் ஆயுசில் கண்ணால் காணக்கூடிய தலைமுறைகளே அந்த எல்லை. கிருபைக்கோ ஆயிரம் தலைமுறை (உபா. 7:9). மூன்றையும் ஆயிரத்தையும் ஒரே தராசில் வைத்துச் சமமாக நிறுக்கிறவர்கள், வெள்ளியை நிறுக்கவும் தெரியாதவர்கள்.

எரேமியா இதை முந்தின அதிகாரத்திலேயே தெளிவாக்கிவிட்டார். தகப்பன் புளிப்பைத் தின்றால் மகனுடைய பல் கூசும் என்ற கருத்தில் ஒரு பழமொழி அந்நாட்களில் வழங்கிவந்தது. இனி அப்பழமொழி செல்லாது, அவனவன் தன் தன் அக்கிரமத்துக்கே உத்தரவாதி என்கிறார் (31:29-30). அதற்கு அடுத்த வசனமே புது உடன்படிக்கையின் வசனம்! இந்த அடுத்தடுத்த இருப்பைப் பலர் கவனிப்பதில்லை. சாபம் தொடருகிறது என்ற பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தபிறகே கர்த்தர் புது உடன்படிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். எபிரெயருக்கு எழுதின நிருபம் 8ஆம் அதிகாரத்தில் அந்தப் பகுதியை முழுவதும் எடுத்தாளுகிறது. புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக் காட்டப்பட்டுள்ள பகுதிகளில் மிக நீளமானது அதுவே. நற்கருணைப் பாத்திரத்தை எடுக்கிற ஒவ்வொரு முறையும் நம் ஆண்டவர் அதற்குக் கொடுத்த பெயர் புது உடன்படிக்கை என்பதை நினைக்கிறோம் (லூக்கா 22:20).

எரேமியாவின் கலக்கத்துக்குக் கர்த்தர் கொடுத்த பதிலில் இரண்டு பாகங்கள் உண்டு. நகரம் தீக்கொளுத்தப்படும் என்பது ஒன்று (32:28-29). அதில் மாற்றம் இல்லை. நிலம் வாங்கினபடியால் முற்றுகை விலகவில்லை. நோயாளியின் தலைமாட்டில் நின்று, "கர்த்தர் உண்மையுள்ளவர், ஆகையால் நிச்சயம் பிழைப்பீர்கள்" என்று அறிக்கைசெய்துவிட்டுப் போகிறவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் வாசித்தால் நல்லது. அவர்கள் போனபின் மரணத்தையும் பார்த்து, விசுவாசக் குறைவு என்ற பழியையும் சுமப்பது அந்தக் குடும்பம். கர்த்தர் உண்மையுள்ளவர், எருசலேமும் எரிந்தது. இரண்டும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

மற்றப் பாகம் 37ஆம் வசனம் தொடங்கி வருகிறது. சிதறடித்த தேசங்களிலிருந்து அவர்களைச் சேர்ப்பேன், அவர்களுக்கும் பின்வரும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நன்மையாகும்படி ஒரே இருதயத்தையும் ஒரே வழியையும் கொடுப்பேன், நித்திய உடன்படிக்கை செய்வேன், இந்தத் தேசத்தில் மறுபடியும் விலைகொடுத்து நிலம் வாங்குவார்கள், பத்திரம் எழுதி முத்திரை போடுவார்கள் என்று கர்த்தர் சொல்லுகிறார். எபிரெய மொழியில் உடன்படிக்கைக்குப் "பெரீத்" என்று பெயர். "பெரீத்தை வெட்டுதல்" என்பது அம்மொழியின் வழக்கு. ஆபிரகாம் மிருகங்களைத் துண்டித்து வைத்த இரவை அது நினைப்பூட்டுகிறது. அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோனது ஆபிரகாம் அல்ல, புகையும் சூளையும் அக்கினிப் பந்தமும் (ஆதி. 15:17). ஆணையைக் கர்த்தரே தம்மேல் ஏற்றுக்கொண்டார். ஆகவேதான் மனிதர் செத்துப் பிறந்து செத்துப்போனாலும் அது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கத்தில் கையொப்பமிட்டவர் மரிக்கிறதில்லை.

நகரம் எரிந்தபின் எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். தகபானேஸ் என்ற பட்டணத்தில் அவர் பேசினதை 43ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம். தன் நிலத்தில் அவர் ஒரு நாளாவது ஏர் பூட்டினதாக வேதத்தில் எங்கும் இல்லை.

ஆனதோத் ஊராரைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எரேமியாவின் பிராணனை வாங்கத் தேடினவர்களில் முதலாவது பேர் பெற்றவர்கள் அவருடைய சொந்த ஊராரே. தீர்க்கதரிசனம் சொன்னால் சாவாய் என்று மிரட்டினார்கள். அதனால் அவர்களில் மீதியாயிருப்பவர்கள் இல்லாதபடி ஆக்கினை வரும் என்று கர்த்தர் சொன்னார் (11:21-23). அப்படிப்பட்ட ஊரில்தான் அவர் 17 சேக்கலுக்கு நிலம் வாங்கினார். கொலைசெய்யத் தேடினவர்களுக்கு அவர்கள் செய்கைக்குத்தக்க பலன் வந்தது.

பாபிலோன் கி.மு. 539இல் கோரேசின் கையில் விழுந்தது; மறுவருஷம் யூதர்கள் திரும்பிப்போகக் கட்டளை பிறந்தது. பத்திரம் பானைக்குள் போய் ஏறக்குறைய 50 வருஷம் ஆகியிருந்தது. திரும்பினவர்களின் அட்டவணையை எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் காணலாம். குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் வந்தால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம்; வெறும் பேர்களும் எண்களுமாக இருக்கிறது என்கிறோம். இந்த மாதம் அதைத் தாண்டாமல், பிள்ளைகளில் ஒருவரை எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 21ஆம் வசனத்தில் பெத்லகேமின் புத்திரர் 123 பேர். இரண்டு வசனம் தள்ளி, 23ஆம் வசனத்தில், ஆனதோத்தின் மனிதர் 128 பேர்.